தண்டலுக்கு ஏற்றிய மெழுகுவர்த்திகள்

1

இந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு என் மகள் ஜெனி மெழுகுவர்த்தி ஏற்றவில்லை.

ஊரில் என்றால் நவம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது. செவந்திப் பூவும் மெழுகு வாடையும், யார் வீட்டுக் கல்லறைக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை என்ற வம்புமாக ஊரே அங்கேதான் இருக்கும். ஜெர்மனியின் வடக்கே நாங்கள் குடியிருக்கும் இந்தச் சின்ன ஊரில் எங்களுக்கென்று ஒரு கல்லறைகூடக் கிடையாது. அதனால் சமையலறை ஜன்னலோரம் ஒரு தட்டை வைத்து அதில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். ஒன்று என் அப்பாவுக்கு, இன்னொன்று தண்டலுக்கு.

தண்டல் எங்கள் நாய். தோணியை நடத்திக்கொண்டு போகிற தலைவனுக்குத் தூத்துக்குடியில் தண்டல் என்று பெயர். அப்பா தண்டலாகக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் எத்தனையோ வருஷம் தோணி கொண்டுபோனவர். கரையேறி வீட்டில் உட்கார்ந்த பிறகு வந்து சேர்ந்த நாய்க்குட்டி, கடைக்குப் போகும்போது தனக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பதைப் பார்த்தார். "இனிமே இந்த வீட்டுக்கு இவன்தாம்லே தண்டல்" என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஜெனிக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஆறு வருஷமாகக் கல்லறைத் திருநாளன்று இரண்டு மெழுகுவர்த்தியையும் அவள்தான் ஏற்றுவாள். இந்த வருஷம் பெட்டியைக் கையில் எடுத்தாள், என்னிடம் ஒன்று கேட்டாள், பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டாள். அவள் கேட்டதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் உங்களுக்கு என் மேல்தான் கோபம் வரும். முதலில் இன்னொருவன் மேல் கொஞ்சம் கோபப்பட்டுவிட்டு வாருங்கள். அவன் பெயர் சுடலைமுத்து.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் இப்போது என் வாய்க்கு மதிப்பில்லை. மழை பெய்கிறது, குடையை எடு என்றால், ஜெனி ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறாள்.

2

சுடலையும் நானும் கால்நடை மருத்துவம் ஒன்றாகப் படித்தவர்கள், ஒரே விடுதி அறை. அவன் தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர்க்காரன். நான் கடற்கரைக்காரன். அவன் வீட்டு அரிசியும் எங்கள் வீட்டுக் கருவாடும் ஐந்து வருஷம் அந்த அறையில் சம்பந்தம் செய்துகொண்டன. படித்து முடித்து அவன் தூத்துக்குடியிலேயே அரசாங்கக் கால்நடை டாக்டரானான். நான் ஆராய்ச்சி, வெளிநாடு என்று கிளம்பினேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் புறப்பட்ட அன்று, நான்கு வயது ஜெனி தண்டலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். "ஆறே மாசம், அப்பா கூட்டிட்டு வந்துருதேன்" என்று சத்தியம் செய்து கையைப் பிரித்தேன். அந்தச் சத்தியத்தை நிஜமாகத்தான் செய்தேன். இங்கே வந்த பிறகுதான் சட்டம் தெரிந்தது. நாய்க்கு வெறிநோய் ஊசி போட வேண்டும். ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்து, அதில் எதிர்ப்பொருள் போதுமான அளவு இருக்கிறது என்று அவர்கள் அங்கீகரித்த ஆய்வகம் எழுதித் தர வேண்டும். பிறகு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இன்னும் எத்தனையோ தாள்கள். என் விசாவுக்கே தாள் தாளாக அலைந்துகொண்டிருந்த காலம் அது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டேன்.

இரண்டாவது வருஷம் அப்பா போய்விட்டார். என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கக் கொடுத்து, கையில் வெறும் ரசீதோடு இருந்தேன். வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவது உறுதியில்லை என்று அந்த அலுவலகத்து அம்மாள் கணினியைப் பார்த்தபடியே சொன்னாள். நான் போகவில்லை. பெற்றவருக்கு மண் அள்ளிப் போடவில்லை. எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்தவன் சுடலைதான். தண்டலையும் அவனே தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான்.

அதற்குப் பிறகு ஜெனி தினமும் பிடித்துக்கொண்டாள். தாத்தா இல்லையே, தண்டலுக்கு யார் சோறு வைப்பார்கள், நீங்கள் எப்போது கூட்டி வருவீர்கள் என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுவாள். ஒரு நாள் எரிச்சலில், தண்டலும் தாத்தாவோடு போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. சுடலை மாமாவிடம் கேட்க வேண்டும் என்றாள். நான் முதலில் அவனைத் தனியாக அழைத்து, அப்படியே சொல் என்றேன்.

"வேண்டாம்லே, பச்சப்புள்ளகிட்ட" என்றான். நான்தான் விடவில்லை. அவனும் சொன்னான். என் மனைவி ரோஸ்லின் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஜெனி மட்டும் அழுகையை நிறுத்திவிட்டாள், அதனால் நான் செய்தது சரி என்றே நினைத்துக்கொண்டேன். அந்த நவம்பரில் இரண்டாவது மெழுகுவர்த்தியை அவளாகவே கேட்டு வாங்கி ஏற்றினாள். பக்கத்தில் நின்று, உயிரோடு மீன் தலை தின்றுகொண்டிருந்த நாயின் ஆன்ம சாந்திக்காக நானும் சிலுவை போட்டுக்கொண்டேன்.

3

இங்கே என் பிழைப்பு நாய் ரத்தம். நாயின் உடம்பில் நோயோடு சண்டை போடுகிற வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ணுவது. எல்லா வெள்ளணுவும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொரு வகைக்கும் மேல்தோலில் ஓர் அடையாளம் உண்டு. அந்த அடையாளத்தை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிற எதிர்ப்பொருளில் சாயம் ஏற்றி ரத்தத்தில் விடுவோம். கல்யாண வீட்டு வாசலில் மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் சட்டையில் ரோஜாப்பூ குத்திவிடுவார்களே, அதே கதைதான். பிறகு கருவி ஒவ்வோர் அணுவாக ஒளியில் ஓடவிட்டு, பூ இருக்கிறவர்கள் எத்தனை, இல்லாதவர்கள் எத்தனை என்று எண்ணிவிடும்.

மனிதனுக்கும் எலிக்கும் இந்த எதிர்ப்பொருள்கள் கடை நிறையக் கிடைக்கும். நாய்க்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான். சில சமயம் மனிதனுக்குச் செய்ததை நாய்க்கு ஒட்டுமா என்று பார்ப்போம், அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டுப் பார்ப்பதுபோல. பெரும்பாலும் ஒட்டாது. நாய்க்கு வேறு சில கிறுக்கும் உண்டு. சி.டி.நாலு என்றொரு அடையாளம். மனிதனிடம் அது முக்கியமாக, மற்ற வெள்ளணுக்களை ஏவிவிடுகிற உதவி அணுக்களில்தான் இருக்கும். நாய்க்கோ, சீழ் பிடித்த இடத்துக்கு முதலில் ஓடுகிற சாதாரண அணுக்களிலும் அது அப்பிக்கிடக்கும். இதைத் தெரியாமல் எண்ணி மூக்குடைபட்ட மனித டாக்டர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் கணக்குகள் எல்லாம் சோபாவில் தூங்குகிற வீட்டு நாய்களை வைத்துப் போட்டவை. குப்பையில் தின்று, உண்ணிக் கடி பட்டு, எல்லாக் கிருமியையும் பார்த்த தெரு நாயின் ரத்தம் எப்படி இருக்கும்? தூத்துக்குடி துறைமுகத்து நாய்கள் முப்பதின் ரத்தம் கொண்டுவருகிறேன் என்று எங்கள் ஆய்வகத் தலைவியிடம் நான்தான் மார்தட்டினேன். என் ஒப்பந்தம் அடுத்த வருஷத்தோடு முடிய இருந்தது. அந்த அம்மாள், "அங்கே ரத்தம் எடுக்கப் போகிறவர் நம்பகமானவரா?" என்று கேட்டார். என்னை நம்புவதைவிட அவனை நம்பலாம் என்றேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் சரியாகத்தான் இருந்தது, நான் நினைத்த அர்த்தத்தில் இல்லை.

அனுமதிக்கே பதினோரு மாதம். வெறிநோய் உள்ள நாட்டு ரத்தம் என்பதால், எடுத்தவுடனே அணுக்களை அப்படியே நிறுத்திவைத்துக் கிருமியைக் கொன்றுவிடும் மருந்து போட்ட குழாயில்தான் வர வேண்டும் என்றார்கள். சரி என்றேன். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு படிவம். முதல் கேள்வி, விலங்கின் பெயர். தெரு நாய்க்கு ஏது பெயர், எண் போடலாமா என்று கேட்டேன். பெயர் இல்லாத விலங்கை அவர்கள் கணினி ஏற்றுக்கொள்ளாது என்றார்கள்.

சுடலையிடம் சொன்னபோது சிரித்தான். "அம்புட்டுதான? எல்லாத்துக்கும் மீன் பேரு வச்சிருதேன். ஒங்க ஊருல அதுக்கா பஞ்சம்?"

4

குழாய்கள் வருவதற்கு முன்பே பட்டியல் வந்தது. நெத்திலி, பெண், சாம்பல் நிறம், ஒரு காது மடிந்தது. ஊளி, ஆண், உப்பளத்துப் பக்கம் திரிவது. சாளை, காரல், பாறை, சூரை, திருக்கை, வாளை. முப்பது நாய்க்கும் நிறம், வயசு, குணம். ஆற்றங்கரைக்காரன் இத்தனை மீனைத் தெரிந்துவைத்திருக்கிறானே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டியலில் சீலாவும் இருந்தது, வஞ்சிரமும் இருந்தது.

"ஏலே, ரெண்டும் ஒரே மீனுல்லா? மெட்ராஸ்காரன் வஞ்சிரம்பான், நாம சீலாம்போம்" என்றேன்.

"ஆபீசுக்கு ரெண்டு பேருதான வேணும்? மீனா திங்கப்போறான்?" என்றான். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்தப் பட்டியலை ஜெனி பார்த்தாள். வீட்டில் அவளுடைய தமிழ் தேய்ந்துகொண்டே வந்த நேரம் அது. நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். வருகிற தமிழும் கோணல்மாணலாக வரும். அப்பா போன செய்தி வந்த அன்று நாங்கள் போனில் திரும்பத் திரும்பச் சொன்ன 'காலமானார்' என்ற வார்த்தை அவள் மனதில் தங்கிவிட்டது. பேனா எழுதாவிட்டால், "அம்மா, பேனா காலமானார்" என்பாள். அப்படிப்பட்டவள் முப்பது மீன் பெயரையும் நாலே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். பெரிய அட்டை வாங்கி, பட்டியலில் இருந்த நிறத்தில் முப்பது நாயும் வரைந்து, அடியில் தமிழில் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டினாள். இரவு சாப்பிடும்போது, "அப்பா, நெத்திலிக்கு இன்னைக்கு ரிசல்ட் வந்துச்சா?" என்று தமிழில் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக எத்தனை படிவம் வேண்டுமானாலும் நிரப்பலாம் என்று தோன்றியது.

ரிசல்ட் வந்தது. நெத்திலிக்கு சி.டி.நாலு பூ ஓர் அணுவிலும் இல்லை. ஊளிக்கும் இல்லை. சாளைக்கும் இல்லை. முப்பதுக்கும் இல்லை.

எதிர்ப்பொருள் கெட்டுப்போயிற்று என்று நினைத்துப் புதுக் குப்பி உடைத்தேன். இந்த ஊர் நாய் ரத்தத்தை அதே மருந்துக் குழாயில் போட்டுப் பார்த்தேன், பூ அழகாக ஒட்டியது. தூத்துக்குடி ரத்தத்தில் மட்டும் இல்லை. ஒன்றிரண்டு நாய்க்குப் பரம்பரையிலேயே அந்த அடையாளம் உருமாறி, எதிர்ப்பொருள் ஒட்டாமல் போவதுண்டு. ஆனால் முப்பதுக்கு முப்பதா? கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். என் புத்தி நிரந்தர வேலைக்குப் போயிருந்தது. எங்கள் கடற்கரை நாய்கள் தனி வம்சம், அதைக் கண்டுபிடித்தவன் நான் என்று ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் பேசினேன். இங்கே பல்கலைக்கழகத்தில் கைதட்ட மாட்டார்கள், மேசையை முஷ்டியால் தட்டுவார்கள். எட்டு வருஷத்தில் எனக்காக அவ்வளவு பலமாக மேசை தட்டியது அன்றுதான்.

தலைவி, எந்த இடத்தில் உருமாறியிருக்கிறது என்று மரபணுவைப் படிக்க அனுப்பினார். இரண்டு வாரத்தில் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். முப்பது குழாயிலும் இருப்பது ஒரே நாய். பட்டியலில் பதினான்கு பெண் நாய் இருந்தன. குழாயில் இருந்தது ஓர் ஆண்.

அவர் திட்டவில்லை. "உங்களை ஏமாற்றிவிட்டார்கள், வருந்துகிறேன்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த அனுதாபத்தில் உடம்பெல்லாம் கூசிப்போனது. திட்டத்தை மூடினார்கள். என் ஒப்பந்தத்தை யாரும் நீட்டவில்லை.

5

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் ஜெனியின் நீச்சல் வகுப்பு முடிவதற்காகக் காரில் காத்திருந்தபடியே சுடலையை அழைத்தேன். போனின் சத்தம் காரின் ஒலிபெருக்கியில் வந்தது. எனக்கிருந்த ஆத்திரத்தில் அதை மாற்றத் தோன்றவில்லை.

"ஏலே சுடலை, நெத்திலி எங்கலே?"

"தெரிஞ்சுபோச்சா?" என்றான்.

அதற்குப் பிறகு நான் பேசியதை அச்சில் போட முடியாது. அரிசிக்கும் கருவாட்டுக்கும் சேர்த்துத் திட்டினேன். நம்பினவன் கழுத்தை அறுத்துவிட்டாயே என்று கத்தினேன். சொல்லும்போதே அழுகை வந்தது. ஊரில் எனக்கு மிச்சமிருந்தவன் அவன் ஒருவன்தான்.

"நானும் பிடிக்கத்தாம்லே போனேன்" என்றான். "வலையத் தூக்கிட்டு ஹார்பர் பக்கம் போனா, நாய் கொல்ல வந்தவன்னு நெனச்சு மீன்காரப் பொம்பளையெல்லாம் என்னய அடிக்க வந்துட்டாளுவ. மறுநாளு ஒரு நாய் கையக் கடிச்சுக் குதறிட்டு. ஊசி போட்டுக்கிட்டுப் படுத்துக்கெடந்தேன், ஒனக்குந்தான் சொன்னேன். நீயோ தினம் ரெண்டு மெசேஜ், எப்ப எப்பன்னு. எடுத்தாச்சான்னு கேட்டியே தவிர, கை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்த கேட்டியா? வீட்டுல ஒரு நாய் காலை நீட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. வாரத்துக்கு நாலு குழாய். அதுக்கு ஒண்ணும் ஆவல. ஒரு பானச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நெனச்சுக்கிட்டேன்."

"எந்த நாய்?"

"என்கிட்ட எத்தன நாய் இருக்கு? ஒன் தண்டல்தாம்லே."

ஒரு துளி ரத்தப் பரிசோதனைக்குச் சோம்பி நான் அங்கேயே விட்டுவைத்த நாய். அது வர முடியாத நாட்டுக்கு அதன் ரத்தம் முத்திரையோடு முப்பது தடவை வந்திருக்கிறது. இரண்டு மாதமாக என் கையில்தான் இருந்திருக்கிறது.

"பொய் சொல்லிட்டியே சுடலை" என்று மட்டும் சொன்னேன்.

"ஆமா, சொன்னேன்" என்றான். "உசுரோட இருக்க நாயை இல்லன்னு ஒம் மவகிட்ட என்னய சொல்ல வச்சவன் நீ. இல்லாத நாயை இருக்குன்னு நான் சொன்னேன். ஒன்னோட பொய் சின்னதும் என்னோட பொய் பெருசுமாலே?"

பின்பக்கம் குளிர் காற்று அடித்தது. திரும்பினேன். ஜெனி பின் கதவைத் திறந்து, ஈரத் தலையோடு, நீச்சல் பையை நெஞ்சில் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. தமிழ் தேய்ந்துவிட்டது என்று நான் வருத்தப்பட்ட பிள்ளைக்கு அத்தனையும் புரிந்திருந்தது.

6

வீட்டுக்கு வந்ததும் ஜெனி சுவரிலிருந்து அட்டையை எடுத்தாள். கிழித்துப் போடுவாள் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. மடித்து என் கையில் கொடுத்தாள், பள்ளிக்கூடத்தில் திருத்தக் கொடுப்பதுபோல.

"வீடியோ போடுங்க" என்றாள்.

சுடலை தன் வீட்டு முற்றத்திலிருந்து காட்டினான். தண்டல் சிமெண்டுத் தரையில் வயிறு பட ஒட்டிப் படுத்திருந்தது. முகமெல்லாம் நரைத்திருந்தது. முன்னங்கால் இரண்டிலும் ரத்தம் எடுப்பதற்காக மழித்த இடத்தில் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. "மன்னிச்சிரும்மா" என்றான் சுடலை, படத்துக்கு வெளியிலிருந்து. ஜெனி "தண்டல்" என்று கூப்பிட்டாள்.

அதன் காது அசைந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டாள். மெல்ல எழுந்து, சத்தம் வந்த போனைப் பார்க்காமல், நேரே வாசல் கதவுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தது. ஆள் யாரையும் காணாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஜெனி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்த என் தோளில் சாயவில்லை, எழுந்து ரோஸ்லினிடம் போனாள்.

சுடலையோடு அதன்பிறகு நான் பேசவில்லை. ஆறு வாரம் ஆகிறது. அவனை மன்னிக்க எனக்கு மனசில்லை. என் வேலையையும் மரியாதையையும் கெடுத்தவன் அவன். அதில் மாற்றமில்லை. ஆனால் அவனைத் திட்ட வாயைத் திறந்தால், வீட்டில் ஒரு பிள்ளை தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறது. திறந்த வாயை மூடிக்கொள்கிறேன்.

7

கல்லறைத் திருநாள் வந்தது. நாய்க்கு இனி மெழுகுவர்த்தி தேவையில்லை, தாத்தாவுக்கு மட்டும் ஒன்று வைப்போம் என்று நானே தட்டைக் கழுவி ஜன்னலோரம் வைத்தேன். ஜெனி இழுப்பறையிலிருந்து மெழுகுவர்த்திப் பெட்டியை எடுத்தாள். ஒன்றை வெளியே எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்தது ஓர் ஆசை. அதுதான் என்னைக் கொன்றது.

"அப்பா" என்றாள் தமிழில். "தாத்தா நிஜமாவே காலமானாரா?"

"ஆமாம்மா, நிஜமாத்தான்."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல. அப்பாவால போக முடியலையேம்மா."

"அப்போ உங்களுக்கு யார் சொன்னா?"

அந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்க என்னவெல்லாமோ யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

"சுடலை மாமா" என்றேன்.

ஜெனி தலையை ஆட்டினாள். மெழுகுவர்த்தியைப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியை இழுப்பறையில் வைத்து மூடிவிட்டு, தன் அறைக்குப் போய்விட்டாள்.